வீட்டுக் கணக்கு: பெரிய ரீவி வாங்கப் போகிறீர்களா?



இந்த மாதம் எம்மில் பலரது மனதில் இருக்கின்ற, ஆனால் வெளியில் சொல்லக் கூச்சப்படுகின்ற ஓர் ஆசையைப் பற்றிக் கதைப்போம். சுவரில் மாட்டும் பெரிய தட்டை ரீவி. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் கடைகள் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஏற்றி வைக்கின்றன. "கையில் கொஞ்சக் காசு தந்தால் போதும், மிச்சத்தை மாதா மாதம் கட்டலாம்" என்கிறார்கள். அடையாள அட்டையும் ஒரு கையெழுத்தும் இருந்தால், பின்னேரம் ரீவி வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் எம்முடையது. அதனால்தான் இதனை ஒரு வீட்டுக் கணக்காக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆசைப்படுவது தவறா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எமது மக்களுக்கும் ரீவிக்கும் உள்ள உறவு மற்ற இடங்களில் உள்ளதைப் போன்றதல்ல. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், ஊரில் ஓரிரு வீடுகளில்தான் ரீவி இருந்தது. பின்பு டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஊரே விடிய விடியப் படம் பார்த்த நாட்கள் வந்தன. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு அந்த இருட்டு இன்னும் நீண்டது. இடம்பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுச் சென்ற பொருட்களில் ரீவியும் ஒன்று. திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, யன்னலும் இல்லை, ரீவி எங்கே இருக்கப்போகிறது? 2009 இன் பின்னர் மீள்குடியேறி, வீட்டுக்கு மின்சார இணைப்புக் கிடைத்தபோது, முதலில் ஒரு ரீவியை வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

இன்னும் காரணங்கள் இருக்கின்றன. வீட்டில் ரீவி இல்லாவிட்டால் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகிறது. இருட்டிய பின்னும் வர மனமில்லாமல் அங்கேயே இருக்கிறது. பெண் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அந்த இரண்டு மணித்தியாலமும் நெஞ்சில் நெருப்பு. "கடன்பட்டாலும் பரவாயில்லை, பிள்ளை என் கண் முன்னால் இருக்கட்டும்" என்று பல தாய்மார் முடிவெடுப்பது இதனால்தான். காயம்பட்டுப் படுக்கையில் இருப்பவருக்கு ரீவிதான் வெளியுலகம். பார்வை மங்கியவருக்குப் பெரிய திரை உண்மையிலேயே உதவும். பிள்ளையைத் தேடித் தேடிக் களைத்துப்போன தாய்க்கு, இரவில் வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்பதே ஆறுதல்.

"புருஷன் இல்லாதவளுக்கு இவ்வளவு பெரிய ரீவி எதற்கு?" என்று ஊரில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனைவியை இழந்த ஆணிடம் இந்தக் கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு நாமே எமக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ரீவியின் உண்மையான விலை என்ன?

எத்தனை அங்குலம்?

ரீவியின் அளவு என்று சொல்வது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள நீளம். அகலம் அதைவிடக் குறைவு. 32 அங்குல ரீவியின் திரை ஏறக்குறைய 71 சென்ரிமீற்றர் அகலம். 43 அங்குலம் என்றால் 95 சென்ரிமீற்றர். 55 அங்குலம் என்றால் 122 சென்ரிமீற்றர், அதாவது சரியாக நாலடி.

கடையின் பெரிய மண்டபத்தில் 55 அங்குலமும் சின்னதாகத்தான் தெரியும். எமது வீடு அப்படியல்ல. இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டப்பட்ட வீடு 550 சதுர அடி. அதில் இரண்டு அறையும் குசினியும் போக மிஞ்சுவதுதான் ஹோல். கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ரீவி வைக்கப்போகும் சுவரிலிருந்து நீங்கள் பாய் போட்டோ கதிரை போட்டோ இருக்கும் இடம் வரை அடிக்கணக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 32 அங்குலத்தை நாலடியிலிருந்து ஆறரை அடி வரையான தூரத்தில் இருந்து வசதியாகப் பார்க்கலாம். 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடியிலிருந்து ஒன்பது அடி. 55 அங்குலத்துக்கு ஏழடியிலிருந்து பதினொன்றரை அடி. ஆறடி மாத்திரமே இடமுள்ள ஹோலில் 55 அங்குலத்தை வைத்தால், காசைக் கொடுத்துக் கழுத்து நோவை வாங்கியதாகத்தான் முடியும்.

இன்னுமொரு விடயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கடையில் ஓடும் படம் அந்தத் திரைக்காகவே எடுக்கப்பட்ட மிகத் தெளிவான படம். 4 கே என்று எழுதியிருக்கும் ரீவியில் மேலிருந்து கீழாக 2160 வரிகள் இருக்கின்றன. கூரையில் கட்டிய சாதாரண அன்ரனாவில் எடுக்கும் பழைய முறை ஒளிபரப்பில் வருவது 576 வரிகள்தான். சின்னத் திரையில் அது நன்றாக இருக்கும். பெரிய திரையில் இழுத்து விரிக்கும்போது, தண்ணீர் கூடின பாலைப் போல் ஆகிவிடும். எனவே உங்கள் வீட்டில் எந்த வழியாகப் படம் வருகிறது, அன்ரனாவா, டிஷ்ஷா, கேபிளா என்பதைப் பொறுத்து அளவைத் தீர்மானியுங்கள்.

இணையத்தில் ஓடும் ஸ்மார்ட் ரீவி என்றால் டேட்டாச் செலவையும் கணக்கில் சேருங்கள். தெளிவான படத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். 4 கே படம் என்றால் 7 ஜிபி வரை போகும். பிள்ளையின் பாடத்துக்கென்று போட்ட டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடும்.

கரண்ட் சிட்டை என்ன சொல்லும்?

தட்டை ரீவிக்குப் பழைய பெட்டி ரீவி போல மின்சாரம் போகாது என்பது, அளவு ஒன்றாக இருக்கும்வரைதான் உண்மை. திரை பெரிதாகப் பெரிதாக மின்சாரமும் கூடும். எல்.ஈ.டி. ரீவி ஒன்றை நாளுக்கு 5 மணித்தியாலம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 32 அங்குல ரீவி 40 வாற்று எடுத்தால் மாதம் 6 அலகு போகும். 43 அங்குலம் 70 வாற்று எடுத்தால் பத்தரை அலகு. 55 அங்குலம் 120 வாற்று எடுத்தால் 18 அலகு. ரீவியின் பின்புறத்திலோ பெட்டியிலோ எத்தனை வாற்று என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

18 அலகுதானே என்று நினைக்கவேண்டாம். எமது நாட்டின் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஓர் எல்லை. அதைத் தாண்டினால் மேலதிகமான அலகுக்கு மாத்திரம் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் கூடும். இப்போது 48 அலகு எரிக்கும் வீட்டில் 32 அங்குலம் வந்தால் 54. 43 அங்குலம் வந்தால் ஐம்பத்தெட்டரை. 55 அங்குலம் வந்தால் 66. எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் கூடியபோது எமது வீடுகள் பட்ட பாடு மறந்திருக்காது. அதன் பின்னர் கட்டணம் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. அடுத்த முறை எந்தப் பக்கம் போகும் என்பது எமது கையில் இல்லை. எத்தனை அலகு எரிப்பது என்பது மாத்திரம் எமது கையில் இருக்கிறது.

தவணையின் உண்மை விலை

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கூடவே எழுதிப் பாருங்கள்.

ரீவியின் காசு விலை 150,000 ரூபா. முற்பணம் 30,000 ரூபா. மிகுதி 120,000 ரூபா. மாதம் 7,500 ரூபா வீதம் 24 மாதம் கட்ட வேண்டும்.

7,500 ஐ 24 ஆல் பெருக்கினால் 180,000. முற்பணத்தையும் சேர்த்தால் 210,000. ஆக, 150,000 ரூபா பொருளுக்கு நாம் கொடுப்பது 210,000 ரூபா. கூடுதலாகப் போவது 60,000 ரூபா.

"வருடத்துக்கு 25 வீத வட்டிதான்" என்று கடையில் சொல்வார்கள். 120,000 ரூபாவுக்கு 25 வீதம் என்றால் வருடத்துக்கு 30,000, இரண்டு வருடத்துக்கு 60,000. கணக்குச் சரிபோலத்தான் தெரியும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் ஒவ்வொரு மாதமும் கட்டும் 7,500 ரூபாவில் 5,000 ரூபா முதல், 2,500 ரூபா வட்டி. முதலாவது மாதத்தில் நாம் கொடுக்கவேண்டிய முதல் 120,000 ரூபா. அதற்கு 2,500 ரூபா வட்டி. ஒரு வருடம் முடியும்போது முதலில் பாதி, 60,000 ரூபா, கட்டி முடிந்துவிடும். ஆனாலும் வட்டி அதே 2,500 ரூபாதான். கடைசி மாதத்தில் நாம் கொடுக்கவேண்டிய முதல் வெறும் 5,000 ரூபா. அந்த 5,000 ரூபாவுக்கும் ஒரு மாத வட்டி 2,500 ரூபா!

கட்டி முடித்த காசுக்கும் தொடர்ந்து வட்டி கட்டுவது என்பது இதுதான். குறைந்துவரும் மிகுதிக்கு மாத்திரம் வட்டி கணக்கிடும் முறையில் பார்த்தால், மேலே சொன்ன "25 வீதம்" உண்மையில் வருடத்துக்கு ஏறக்குறைய 42 வீதமாகும். எனவே கடையில் வட்டி வீதத்தைக் கேட்டு ஏமாறவேண்டாம். மூன்று இலக்கங்களை மாத்திரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்று காசு கொடுத்தால் என்ன விலை? எல்லாத் தவணையும் முற்பணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? இந்த மூன்றையும் கடதாசியில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம்.

தவணை மாதம் தவறாமல் வரும், எமது வருமானம் அப்படி வராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தைப்பவருக்குப் பண்டிகை மாதத்தில் வேலை குவியும், மற்ற மாதத்தில் மெசின் சும்மா இருக்கும். கூலி வேலைக்குப் போபவருக்கு அறுவடைக் காலத்தில் காசு, மாரி மழையில் ஒன்றும் இல்லை. கோழிக்கு நோய் வந்தால் முட்டையும் இல்லை. வருடத்தில் மிக மோசமான மாதத்தின் வருமானத்தை எழுதி, அதில் 7,500 ரூபாவைக் கழித்து, மிச்சத்தில் அரிசியும் மாவும் மருந்தும் பாடசாலைச் செலவும் முடியுமா என்று பாருங்கள். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் எல்லாமே முடியும்போலத்தான் தோன்றும்.

காத்திருந்து வாங்கினால்?

அதே முற்பணம் 30,000 ரூபா கையில் இருக்கிறது. அதே 7,500 ரூபாவை மாதா மாதம் எமது பெயரில் வங்கியிலோ, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ போடுகிறோம். 16 மாதத்தில் 120,000 ரூபா சேர்ந்துவிடும். முற்பணத்துடன் 150,000 ரூபா. முழுக் காசையும் கொடுத்து ரீவியை வாங்கலாம். 24 மாதம் கட்டவேண்டியதை 16 மாதத்தில் முடித்துவிட்டோம். எட்டு மாதத் தவணை, 60,000 ரூபா, எமது கையில் நிற்கிறது. அது ஒரு தையல் மெசினுக்கோ, கோழிக்கூட்டுக்கோ, பிள்ளையின் படிப்புக்கோ உதவும்.

"அதற்குள் விலை ஏறிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் மாதம் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களின் விலை கண் மூடித் திறப்பதற்குள் ஏறியது. அப்படி ஒரு காலம் வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் தவணையும் கட்டவேண்டி, அரிசி விலையும் ஏறி, வேலையும் இல்லாமல் இருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விலை ஏறினால் 55 அங்குலத்துக்குப் பதிலாக 43 வாங்கலாம். சேமிப்பில் இருக்கும் காசை அவசரத்துக்கு மருந்துக்கும் எடுக்கலாம். கட்டிய தவணையைத் திருப்பி எடுக்க முடியாது.

காத்திருக்க மனமில்லை, தவணையில்தான் வாங்கப்போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன், மூன்று மாதம் உங்களுக்கே தவணை கட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அதே திகதியில் 7,500 ரூபாவைக் கணக்கில் போடுங்கள். எவரிடமும் கைமாற்று வாங்காமல், நகை அடைவு வைக்காமல், கடையில் கடன் சொல்லாமல் மூன்று மாதமும் போட முடிந்ததா? அப்படியென்றால் உங்களால் தாங்க முடியும். அந்த 22,500 ரூபாவையும் முற்பணத்தோடு சேர்த்துக் கொடுத்தால் தவணையும் குறையும். முடியவில்லையா? ஒரு கடிதமும் வராமல், ஒருவரும் வாசலில் வந்து நிற்காமல், அதைத் தெரிந்துகொண்டீர்கள்.

கையெழுத்து வைக்குமுன்

தவணைக்கு வாங்கும் பொருள் பல ஒப்பந்தங்களில் "வாடகைக் கொள்வனவு" என்ற பெயரில் வருகிறது. கடைசித் தவணை கட்டும் வரை பொருள் கொம்பனிக்கே சொந்தம் என்பதே அதன் கருத்து. இடையில் நாம் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இவ்வகை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இருக்கிறது. ஆகவே நாம் சட்டம் இல்லாத காட்டில் நிற்கவில்லை. பின்வருவனவற்றை மனதில் வையுங்கள்.

1. எமக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பின்பே கையெழுத்து வையுங்கள். "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதில் வெட்கம் எதுவும் இல்லை.

2. நிரப்பாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் கைக்கு வரவேண்டும்.

3. வங்கி அட்டை, அதன் இரகசிய இலக்கம், அஸ்வெசும பணம் வரும் வங்கிப் புத்தகம், அடையாள அட்டை எதையும் பிணையாக ஒப்படைக்க வேண்டாம். பிரதி கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்கக்கூடாது.

4. தவணை பிந்தினால் தண்டப் பணம் எவ்வளவு, இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் வட்டியில் கழிவு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

5. வாழ்வாதாரத்துக்கென்று குழுவாக எடுத்த கடனை ரீவிக்குத் திருப்பவேண்டாம். மாடு பால் தரும், மெசின் உடுப்புத் தைக்கும், ரீவி தவணைக் காசை உழைத்துத் தராது. நீங்கள் கட்டத் தவறினால், உங்களை நம்பிப் பிணை நின்ற மற்றச் சகோதரிகளின் வீட்டு வாசலுக்கும் லோன்காரர் போவார். ஊரில் எத்தனையோ நல்ல நட்புகள் இப்படித்தான் முறிந்தன.

6. யாருடைய ஆசைக்காக யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்று பாருங்கள். அண்ணனோ மகனோ மருமகனோ "அம்மா, உங்கட பெயரில எடுப்பம், நான் கட்டுறன்" என்று சொல்லலாம். நல்ல மனதோடும் சொல்லலாம். ஆனால் அவர் கட்டாவிட்டால் தேடி வருவது பெயர் எழுதியவரைத்தான். கடன் அம்மாவின் பெயரில், ரிமோட் மகனின் கையில் என்ற நிலைமை எத்தனை வீடுகளில்!

வாசலுக்கு வருபவர்

இதை எழுதாமல் விட முடியாது. ஆண் துணை இல்லாத வீட்டுக்குக் காசு சேர்க்க வருபவர்களில் சிலர் மரியாதை தவறி நடப்பதைப் பல சகோதரிகள் அனுபவித்திருக்கிறார்கள். இருட்டிய பின் வருவது, உள்ளே வந்து இருந்துகொண்டு போக மறுப்பது, பிள்ளைகளின் முன்னால் ஏசுவது, தகாத வார்த்தை பேசுவது எல்லாம் நடக்கின்றன. நுண்கடனால் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்த விடயமாகி, 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில் ஒரு தொகுதியை அரசாங்கம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் வாரக் கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களச் சகோதரிகளுக்கும் எமக்கும் பொதுவான துன்பம் இது.

தவணை பிந்திவிட்டால் அது பணம் பற்றிய பிணக்கு. குற்றமல்ல. நீங்கள் தலைகுனியத் தேவையில்லை. பகல் நேரத்தில் மாத்திரம் வரச் சொல்லுங்கள். விறாந்தையிலோ படலையடியிலோ வைத்துக் கதையுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்கிய சீட்டுகளை ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். முடியுமானால் காசை நீங்களே கொம்பனியின் வங்கிக் கணக்கில் போடுங்கள், அப்போது ஒருவரும் வீட்டுக்கு வரத் தேவையில்லை.

தகாத முறையில் நடந்தால் பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பணியகத்தில் முறையிடலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். ரீவியைப் பறித்துச் செல்ல வந்தால், எந்த ஒப்பந்தப்படி, எவ்வளவு மிகுதிக்காக என்று எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி செய்வதற்காகவே 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தல், சொன்ன உத்தரவாதத்தைத் தர மறுத்தல் போன்றவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அதன் இலக்கம் 1977.

வாங்கும் நாளும் அதன் பின்னும்

கடையிலேயே பெட்டியைத் திறந்து, ரீவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் திரையில் வரும்போது புள்ளியோ கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். வொறன்ரி அட்டையில் உள்ள இலக்கமும் ரீவியின் பின்புறத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். கடையின் முத்திரை, திகதி, காசுச் சிட்டை மூன்றும் முக்கியம். "மூன்று வருட வொறன்ரி" என்றால் எதற்கு என்று கேளுங்கள். திரை உடைந்தாலோ மின்னல் தாக்கினாலோ வொறன்ரி பொதுவாக உதவாது. தட்டை ரீவியில் மிகவும் விலை கூடிய பாகம் திரைதான். அது உடைந்தால் திருத்துவதற்குப் புதிதே வாங்கலாம் என்றாகிவிடும். பழுது பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். முல்லைத்தீவில் இருக்கும் நீங்கள் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றால் லொறிக் கூலியும் உங்களதுதான்.

சுவரில் மாட்டும்போது கவனம் தேவை. 55 அங்குல ரீவி 15 கிலோ அளவு பாரம் இருக்கும். பூசாத சீமெந்துக் கல் சுவரில் ஏனோதானோ என்று ஆணி அடித்து மாட்டினால் கல்லோடு விழும். மேசையில் வைத்தால் பின்பக்கமாகச் சுவரோடு கட்டிவிடுங்கள். தவழும் பிள்ளை பிடித்து இழுத்தால் பிள்ளையின் மேலேயே விழும். வெள்ளம் ஏறும் இடத்தில் இருப்பவர்கள் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மார்ச் முதல் மே வரையும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூட. வானம் கறுத்தவுடன் பிளக்கைக் கழற்றுங்கள், அன்ரனா வயரையும் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்னல் தொடங்கிய பின்னர் வயரைத் தொடவேண்டாம்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயது முதல் நாலு வயது வரையானோருக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியிருக்கிறது. சோறு தீத்துவதற்காக ரீவி போடும் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

தோழியரே, போர் எம்மிடமிருந்து பறித்தவற்றுள் சின்னச் சின்னச் சந்தோசங்களும் அடங்கும். ஒரு நாள் வேலை முடிந்து, கால் நீட்டி இருந்து, விருப்பமான ஒரு நாடகத்தையோ படத்தையோ பார்ப்பது எமது உரிமை. அந்த நேரத்தில் படலை திறக்கும் சத்தம் கேட்டு நெஞ்சு திடுக்கிடக்கூடாது. அது லோன்காரரோ என்று ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, விளக்கை அணைத்து இருக்கும் நிலைமை எமக்கு வேண்டாம். 32 அங்குலமாக இருந்தாலும், கடனில்லாத ரீவியில்தான் படம் தெளிவாகத் தெரியும்.

மேலே உள்ள கணக்கை உங்கள் சொந்த இலக்கங்களை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த இதழில், சீட்டுப் பிடிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.